வருமுன் காத்தலும் வந்த செய்தி ஆய்தலும்

நோயற்ற வாழ்வினுஞ் சிறந்த செல்வம் மக்கட்கு இல்லை என்பது நம் முன்னோர் கண்ட முடிபு. திருவள்ளுவனார் மருந்து என்னும் பெயரால் ஓரதிகாரம் வகுத்தார். அதனுட் பெரும்பகுதியில் அவர் மருந்தைப் பற்றிப் பேசினாரல்லர். முன் உண்டது செரித்தமை அறிந்து, பசித்து, அளவோடு உண்ணும் முறையையே பேசினார். நோயாளி, மருத்துவன், மருந்து என்பன இறுதியிலேயே வருகின்றன. நோய் வந்தபின் தீர்த்தலினும் வாராமற் காத்தலே முதன்மையுடைத்து என்பது அவர் கருத்தாதல் அவ்வைப்பு முறையானே விளங்கும்.

ஆயின் காக்க விரும்புவார்க்கு இக்காலத்தில் ஒரு புதிய இடர்ப்பாடு உண்டு. முன்னாளில் உடல்நலம் பற்றிய அறிவுரை பாட்டியர் வாயிலாகவும் ஊர் வைத்தியர் வாயிலாகவும் எப்போதோ ஒருமுறை வந்தது. இந்நாளிலோ கையகத்துக் கருவி வாயிலாக நாளொன்றுக்கு நூறு வருகின்றன. இதனை உண்டால் புற்றுநோய் அகலும் என்பது ஒன்று. இம்மருந்தை உண்டால் உயிர் போம் என்பது மற்றொன்று. இவற்றுட் சில உயிரைக் காப்பன. சில உயிரைப் போக்குவன. இரண்டும் ஒரே உடை உடுத்து, ஒரே வாயிலில் நுழைகின்றன. அவற்றைப் பிரித்தறியும் நெறி யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இப்பொருளை யான் மேற்கொண்டமைக்கு ஒரு காரணம் உண்டு. அதனை முதற்கண் கூறிவிடுகின்றேன்.

எனது ஊர் குரும்பலூர். பெரம்பலூரினின்று துறையூர் செல்லும் சாலையில், மேற்கே பச்சைமலை தோன்ற, மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் காடுகளின் நடுவே அமைந்தது. என் பெரியப்பா அவ்வூரில் உழவர். இரத்தக் கொதிப்புக்கென மருத்துவர் கொடுத்த மாத்திரையை ஆறாண்டுகளாக நாடோறும் தவறாது உண்டு வந்தவர். யான் பதினோராம் வகுப்பிற் பயின்றபோது, ஒருநாள் மாலை திண்ணையில் அமர்ந்திருந்தவர், தம் கைப்பேசியை என்பால் நீட்டி, "பாப்பா, எழுத்துப் பொடியாயிருக்கிறது, என்னவென்று படி" என்றார்.

படித்தேன். கொதிப்பு மாத்திரையை நெடுநாள் உண்பார்க்குச் சிறுநீரகம் பழுதாகும் என்றும், அயல்நாட்டு ஆராய்ச்சியாளர் இதனைக் கண்டுபிடித்துவிட்டனர் என்றும், மருத்துவர்கள் மறைக்கின்றனர் என்றும், பத்துப் பேருக்கேனும் உடனே அனுப்புக என்றும் அதில் எழுதியிருந்தது. ஒப்புவித்தற் போட்டியிற் பரிசு பெற்ற வாய் என் வாய். ஆதலின் நிறுத்தற் குறிகளைக் கூடத் தவறவிடாது நன்றாகவே படித்தேன். பெரியப்பா ஒன்றும் கூறவில்லை. மறுநாளே மாத்திரையை நிறுத்திவிட்டார் என்பது நான்கு திங்கள் கழித்தே எங்கட்குத் தெரிய வந்தது. வெங்காயம் பிடுங்கும் நாளில் வரப்பில் நின்றவர்க்கு வலக்கை சோர்ந்தது, வாய் கோணிற்று, பேச்சுக் குழறிற்று. பக்கவாதம் என்றனர். இன்று கோலூன்றி நடக்கின்றார். மண்வெட்டி பிடித்த கை, கஞ்சிக் குவளையையும் பற்ற மாட்டாது கிடக்கின்றது.

மாத்திரையை நிறுத்தியதனாலேயே இது நேர்ந்தது என்று யான் துணிந்து கூறேன். தவறாது உண்பார்க்கும் பக்கவாதம் வருதல் உண்டு. ஒருவர்க்கு நேர்ந்தது ஒன்றைக்கொண்டு காரணம் இன்னதென்று அறுதியிடலாகாது என்பதே இக்கட்டுரையில் யான் கூறப்புகும் செய்திகளுள் ஒன்று. ஆயினும் அன்று படித்த வாய், ஒரு வினாவேனும் வினவியிருக்கலாம் அன்றோ? வினவும் வகை அப்போது எனக்குத் தெரிந்திலது.

ஏடு ஆய்வார் காட்டிய நெறி

கல்லூரியிற் புகுந்து தமிழ் இலக்கியம் சிறப்புப் பாடமாகப் பயிலத் தொடங்கிய பின்னரே அவ்வகை எனக்குப் புலனாயிற்று. இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் வாழ்ந்து, எங்கள் பக்கத்துச் செங்கணம் விருத்தாசல ரெட்டியார்பாற் காரிகைப் பாடங் கேட்டவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். அவர் 1887-ஆம் ஆண்டிற் சீவகசிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டார். ஓர் ஏட்டிற் கண்டதை அவ்வாறே அச்சிற் கொடுத்தாரல்லர். இவ்வேடு எங்கிருந்து வந்தது, யார் எழுதியது, எழுதினோன் பிழை யாது, பிற ஏடுகள் இவ்விடத்தில் என்ன சொல்லுகின்றன, இஃது இடைச்செருகலோ என்று ஒவ்வொரு சொல்லையும் வினவி வினவியே பாடத்தை உறுதி செய்தார்.

அச்சிற் கண்டதெல்லாம் மூலமன்று. பலர் கூறுவதெல்லாம் மெய்யன்று. ஒரு காப்பியத்தின் ஒரு சொல்லுக்கு இத்துணை வினா வேண்டுமாயின், ஓர் உயிரைத் தொடுகின்ற செய்திக்கு எத்துணை வேண்டும்? மருத்துவச் செய்தியை நோக்கி வினவத்தக்கன பல. அவற்றுள் ஐந்தினை ஈண்டு எடுத்து விளக்குவல்.

முதல் வினா: சொன்னவர் யார்?

2017-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இந்திய அரசு தட்டம்மைக்கும் ரூபெல்லா என்னும் நோய்க்கும் ஒருங்கே தடுப்பூசியிடும் இயக்கம் ஒன்றைத் தொடங்கிற்று. முதற்கட்டமாகத் தமிழ்நாடு, கருநாடகம், புதுச்சேரி, கோவா, இலட்சத்தீவு ஆகிய ஐந்து நிலங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒன்பது திங்கள் நிறைந்த குழவி முதல் பதினைந்து வயதுக்குட்பட்டோர் வரை, முன்னர் ஊசியிட்டிருப்பினும் இல்லையாயினும், யாவர்க்கும் ஒருமுறை இடுவதென்பது திட்டம். தமிழ்நாட்டில் மட்டும் ஒன்றேமுக்காற் கோடிச் சிறார் இதற்கு உரியராயிருந்தனர்.

அப்பொழுது யான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். ஊசி இடும் நாளுக்கு முன்னரே வாட்ஸப் வாயிலாகச் செய்தி பரவிவிட்டது. இம்மருந்து ஆய்வு செய்யப்படாதது என்றும், பிள்ளைகளை முடமாக்கும் என்றும், பெயரும் ஊரும் இல்லாக் குரல் ஒன்று எல்லா வீட்டிலும் ஒலித்தது. ஊசி நாளன்று எங்கள் வகுப்பில் பாதி இருக்கைகள் வெறுமையாயிருந்தன. சில தாய்மார் பள்ளி வாயிலில் வந்து நின்று தம் பிள்ளைகளைக் கைப்பிடியாய் அழைத்துச் சென்றனர். அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைபாற் கொண்ட அன்பே அவர்களை அங்ஙனம் செலுத்தியது. மாநிலத்திற் பல இடங்களில் இவ்வாறே நேர்ந்தமையால், பிப்ரவரியில் முடிய வேண்டிய இயக்கம் மார்ச்சு மாதத்திலும் தொடர வேண்டியதாயிற்று.

இனி அம்மருந்தின் வரலாறு வருமாறு. தட்டம்மைக்குரிய தடுப்பூசி 1963-ஆம் ஆண்டிலும், ரூபெல்லாவுக்குரியது 1969-ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. அதாவது, எங்கள் ஊரில் ஆய்வு செய்யப்படாதது என்று தூற்றப்பெற்ற பொருள், உலகின் பல நாடுகளில் நாற்பதாண்டுகட்கு மேலாகச் சிறார்க்கு இடப்பட்டு வந்ததாகும். முன்னரே இட்ட ஊசியை மீண்டும் ஏன் இடவேண்டும் என்று பலர் வினவினர். அது தக்க வினாவே. ஒன்பதாந் திங்களில் இடும் ஒரு தட்டம்மை ஊசி நூற்றுக்கு ஏறத்தாழ எண்பத்தைந்து குழவிகட்கே காப்பளிக்கின்றது. எஞ்சியோர்க்கு மற்றொரு முறை வேண்டும். தட்டம்மையோ மிக விரைந்து பரவும் நோய். காப்பற்றார் நடுவே ஒருவர் பன்னிருவர் முதல் பதினெண்மர் வரை பற்றவைக்க வல்லார். ஆதலின் நூற்றுக்குத் தொண்ணூற்றைவர் காப்புப் பெற்றாலன்றி ஊர் முழுதும் காப்புப் பெறாது.

ரூபெல்லா சிறாரைப் பெரிதும் வருத்துவதன்று; இரண்டொரு நாட் காய்ச்சலும் தடிப்புமாய்ப் போய்விடும். கருவுற்ற மகளிரை முதல் மாதங்களிற் பற்றுமாயின், அதன் கொடுமை கருவிலிருக்கும் குழவியின்மேற் பாயும். 1941-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய நாட்டுச் சிட்னி நகரத்துக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் என்பவர், பிறவியிலேயே கண்புரையுடைய குழவிகள் பலர் தம்பால் வருதலைக் கண்டார். தாய்மாரிடம் கேட்டபோது, அவருட் பெரும்பாலார் கருவுற்ற தொடக்கத்தில் ரூபெல்லா கண்டவர் எனத் தெரிந்தது. கண்புரை, செவிடு, இருதயக் குறை என்பன இந்நோயின் விளைவென உலகம் அறிந்தது அவர் வாயிலாகவே. ஆகவே 2017-இல் எங்கள் வகுப்புச் சிறுமியர்க்கு இட்ட ஊசி, அவர்க்கு மட்டும் இட்டதன்று. இன்னும் பிறவாத அவர்தம் மக்கட்கும் இட்டதாகும். பெயரில்லாக் குரலை நம்பி வாயிலில் நின்ற தாய்மார்க்கு இச்செய்தியை யாரும் அவர் தெருவில் நின்று சொல்லவில்லை என்பதே என் வருத்தம்.

இரண்டாம் வினா: எத்துணைப் பேரைக் கண்டு சொன்னார்?

சொன்னவர் பெயர் தெரிந்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. 1998-ஆம் ஆண்டில் இலண்டன் நகரத்து மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்பவரும் பிறரும், புகழ்பெற்ற லான்செட்டு என்னும் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசம் என்னும் குறைபாட்டிற்கும் தொடர்பு இருக்கலாமோ என்னும் ஐயத்தை அது கிளப்பிற்று. பெயர் உண்டு, ஊர் உண்டு, இதழும் உயர்ந்தது. ஆயின் அவர் கண்ட குழந்தைகள் பன்னிருவரே!

இவ்வையத்தைத் தீர்க்கும் வகை யாது? எண்ணிப் பார்த்தலே. டென்மார்க்கு நாட்டில் 5,37,303 குழந்தைகளின் வரலாற்றை ஆராய்ந்து 2002-ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டனர். ஊசியிட்ட குழந்தைகளிடத்து அக்குறைபாடு மிகுந்து காணப்படவில்லை. பின்னர் 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையின்கண் நேர்மையின்மையும் வெளிப்பட்டு, 2010-ஆம் ஆண்டில் அவ்விதழே அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எனினும் திரும்பப் பெற்ற செய்தி, முதற் செய்தி சென்ற ஊர்கட்கெல்லாம் செல்லவில்லை. பிழைபட்ட பாடம் ஒருமுறை பரவிவிடின், திருத்திய பதிப்பு அதனைப் பிடித்தல் அரிது என்பதை ஏடறிந்தார் நன்கறிவர்.

சிறு எண்ணிக்கையெல்லாம் பொய் என்று இதனாற் கொள்ளற்க. கிரெக் கண்ட குழவிகள் எழுபத்தெண்மரே. அவர் கூற்றுப் பிறராற் பன்முறை ஆராயப்பட்டு மெய்யென நிலைத்தது. வேக்ஃபீல்டின் கூற்று ஆராயப்பட்டு வீழ்ந்தது. முதற் செய்தி ஒரு வினாவே. விடை பின்னரே வரும் என்பது இவ்விரண்டானும் பெறப்படும்.

மூன்றாம் வினா: எதனோடு ஒப்பிட்டனர்?

ஒரு கஷாயத்தை உண்டேன், ஏழு நாளிற் சளி தீர்ந்தது என்கிறார் ஒருவர். உண்ணாதிருந்தால் எத்தனை நாளில் தீர்ந்திருக்கும்? அதுவும் ஏழு நாளே ஆயின், கஷாயத்தின் பெருமை யாது? ஒப்பிடாத கூற்று ஒரு தட்டுள்ள தராசு போல்வது.

ஒப்பிடும் முறைக்கு நம் நாட்டிலேயே உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. காசநோய்க்குரிய பி.சி.ஜி. ஊசி நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியாவிற் பரவலாக இடப்பட்டது. 1955-ஆம் ஆண்டில் இராஜாஜி இதனை எதிர்த்து நூல் எழுதினார். மருத்துவர் பலர் மறுத்து எழுதினர். சொற்போர் நடந்ததேயன்றி முடிவு ஏற்படவில்லை. பிரிட்டனில் நடந்த ஆய்வொன்று ஊசி பெரும்பயன் தருவதாகக் காட்டிற்று. அமெரிக்காவில் நடந்தனவோ பயன் சிறிதென்றன. எதனைக் கொள்வது?

1968-ஆம் ஆண்டிற் செங்கற்பட்டு மாவட்டத்துத் திருவள்ளூர்ப் பகுதியில் ஒரு பேராய்வு தொடங்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அதிற் பங்கு கொண்டனர். திருவுளச்சீட்டுப் போல் தற்செயலாகப் பிரித்து, சிலர்க்கு ஊசி மருந்தும், சிலர்க்கு மருந்தில்லாத நீர்மமும் இட்டனர். இன்னார்க்கு இன்னது என்பதை இட்டவரும் அறியார், பெற்றவரும் அறியார். அறிந்தால் விருப்பும் வெறுப்பும் கணக்கிற் புகுந்துவிடும் அன்றோ? பின்னர்ப் பதினைந்தாண்டுகள் ஊர்தோறுஞ் சென்று, நோயுற்றாரை எண்ணினர்.

முடிவு யாவரையும் திகைக்க வைத்தது. வளர்ந்தோரிடத்து நுரையீரற் காசத்தைத் தடுப்பதில் ஊசியிட்டார்க்கும் இடாதார்க்கும் வேறுபாடு காணப்படவில்லை. ஊசிக்குச் சார்பாய் இருந்தோர் இதனை மறைத்தாரா? மறைத்திலர், உலகறிய வெளியிட்டனர். மருத்துவர்கள் மறைக்கின்றனர் என்று எழுதுவோர் இவ்வரலாற்றை ஒருமுறை நினைத்தல் நன்று.

இதனாற் பி.சி.ஜி. வீண் என்று எண்ணுதல் மற்றொரு பிழையாம். மூளைச் சவ்வைப் பற்றும் காசம் முதலிய கொடிய வகைகளினின்று இளங்குழவிகளை அவ்வூசி காக்கின்றது என்பது வேறு ஆய்வுகளாற் புலப்பட்டமையின், பிறந்த குழவிக்கு இன்றும் இடப்படுகின்றது. பிரிட்டனிற் கண்ட பயன் திருவள்ளூரில் ஏன் காணப்படவில்லை? வெப்ப நாட்டு மண்ணிலும் நீரிலும் வாழும் காச இனத்துக் கிருமிகளோடு நம் மக்கள் இளமையிலேயே பழகிவிடுதல் வல்லுநர் கூறும் காரணங்களுள் ஒன்று. ஓரிடத்து, ஒரு வயதினரிடத்து, ஒரு நோய்க்குக் கண்ட முடிவை எங்கும், யாவர்க்கும், எல்லா நோய்க்கும் ஏற்றுதல் கூடாது என்பதே இதன் படிப்பினை.

நான்காம் வினா: எலியிலோ, குடுவையிலோ, மனிதரிடத்தோ?

2020-ஆம் ஆண்டிற் கொரோனா நோய் பரவியபோது, மலேரியாவுக்குரிய ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்னும் மாத்திரை அதனைத் தீர்க்கும் என்று எங்கும் பேச்சாயிற்று. ஆய்வுக் குடுவையில் அது கிருமியின் பெருக்கத்தைத் தடுத்தது மெய்யே. ஆயின் மனிதர் குடுவை அல்லரே! பிரிட்டனில் ரெக்கவரி என்னும் ஆய்வில், மருத்துவமனையிற் சேர்ந்த நோயாளரைத் தற்செயலாகப் பிரித்து ஒப்பிட்டனர். அம்மாத்திரை பெற்றாருள் இருபத்தெட்டு நாளில் நூற்றுக்கு 27 பேர் மாண்டனர். பெறாதாருள் நூற்றுக்கு 25 பேர். பயன் இல்லை என்பது தெளிவாயிற்று. அதே ஆய்வில், யாரும் பெரிதாகப் பேசாத பழைய, மலிவான டெக்சாமெதசோன் என்னும் மருந்து, செயற்கை மூச்சிலிருந்தாரின் இறப்பை நூற்றுக்கு 41-லிருந்து 29-ஆகக் குறைத்தது. கொட்டுமுழக்கோடு வந்தது பயனற்றதாயிற்று. ஓசையின்றி இருந்தது உயிர் காத்தது. மஞ்சள், பூண்டு, பப்பாளியிலை பற்றி இனி வரும் செய்திகளை இவ்வினாவால் அளந்து பார்க்க.

ஐந்தாம் வினா: எண் எவ்வாறு சொல்லப்பட்டது?

எண்ணும் எழுத்தும் இரு கண்கள் என்பர். எழுத்தில் ஏமாறாத நாமும் எண்ணில் எளிதாக ஏமாறுகின்றோம். சென்னையில் நடந்த மற்றோர் ஆய்வினாலேயே இதனை விளக்கலாம்.

மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நீரிழிவு இன்னும் வாராது, ஆயின் வரும் நிலையில் நின்ற 531 பேரை அவர் தேர்ந்தார். ஒரு பகுதியார்க்கு வழக்கமான அறிவுரையோடு நிறுத்தினர். மற்றொரு பகுதியார்க்கு நாடோறும் அரைமணி நேரம் விரைந்து நடத்தல், சர்க்கரையும் தீட்டிய தானியமும் கொழுப்பும் குறைத்தல் என்பவற்றை விடாது வற்புறுத்தினர். பிறர்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை தனித்தோ அறிவுரையோடு கூட்டியோ கொடுத்தனர். மூன்றாண்டில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றாருள் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவினர் ஆயினர். நடந்தும் உணவு திருத்தியும் வாழ்ந்தாருள் நூற்றுக்கு ஏறத்தாழ 39 பேரே ஆயினர். மாத்திரை பெற்றார் நிலையும் ஏறக்குறைய இதுவே. இரண்டையும் கூட்டியதால் மிகைப்பயன் விளையவில்லை.

இம்முடிவை மூவகையாகச் சொல்லலாம். நீரிழிவு 28 விழுக்காடு குறைந்தது எனலாம். நூறு பேருள் பதினாறு பேர் தப்பினர் எனலாம். அறுவர் அல்லது எழுவர் மூன்றாண்டு நடந்தால் அவருள் ஒருவர் தப்புவார் எனலாம். மூன்றும் மெய்; மூன்றும் ஒன்றே. விற்பவன் முதலதைச் சொல்வான், பெரிதாய்த் தோன்றுமாகலின். நாம் கேட்கவேண்டியது, நூறு பேரை நிறுத்தினால் எத்தனை பேருக்கு நோய், எத்தனை பேருக்குக் காப்பு என்பதே. பதினாயிரத்தில் இருவர்க்கு வரும் நோய் மூவர்க்கு வருமாயின், அதுவும் 50 விழுக்காடு மிகுதியேயாகும். 50 என்ற எண் அச்சுறுத்தும். பதினாயிரத்தில் ஒருவர் என்பது அச்சுறுத்தாது.

இவ்வாய்வில் வேறொரு நன்மையும் உண்டு. காத்தற்குரிய கருவி கால்களேயாயின. பச்சைமலைச் சாரலில் விறகும் புல்லும் சுமந்து நடந்த எங்கள் பாட்டியர்க்கு நடை அறிவுரையாக வேண்டியதில்லை. வரகும் சோளமுமே உணவாயிருந்தன. நம் வீடுகளில் இரண்டும் மாறிவிட்டன. இந்தியாவில் வளர்ந்தோருள் நூற்றுக்குப் பதினொருவர் நீரிழிவினர், முப்பத்தைவர்க்குக் கொதிப்பு என்று 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் ஆய்வு கூறுகின்றது.

திண்ணைக்கு மீள்தல்

இனி, பெரியப்பாவுக்கு யான் படித்துக் காட்டிய செய்தியை இவ்வைந்து வினாவாலும் ஆராய்வோம். சொன்னவர் யார்? பெயர் இல்லை, அயல்நாட்டு ஆராய்ச்சியாளர் என்னும் முகமூடி மட்டும் உண்டு. எத்துணைப் பேர், எதனோடு ஒப்பு, யாரிடத்து, எவ்வெண் என்னும் நான்கிற்கும் விடையே இல்லை. பத்துப் பேருக்கு அனுப்புக என்னும் கட்டளை ஒன்றே தெளிவாயிருந்தது. மெய்யுரைப்பார்க்கு அக்கட்டளை வேண்டுவதில்லை.

மறுபுறத்தில் நிற்கும் சான்று யாது? கொதிப்பு மருந்துகளைப் பற்றி நடந்த 123 ஆய்வுகள், அவற்றிற் கலந்த ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள், இவற்றைத் தொகுத்து 2016-ஆம் ஆண்டில் ஒரு கணக்கு வெளிவந்தது. இரத்த அழுத்தத்தின் மேலளவு பத்துப் புள்ளி குறைந்தாற் பக்கவாதம் 27 விழுக்காடு குறையும் என்பது அதன் முடிவு. பேச்சுக்காக, நூறு பேருள் பத்துப் பேர்க்குப் பக்கவாதம் வருவதாயிருந்தால், மருந்தினால் ஏழுபேர்க்கே வரும் என்று கொள்க. சிறுநீரகச் செயலிழப்பு மருந்தினால் மிகுந்ததாக அத்தொகுப்பிற் காணப்படவில்லை. அடங்காத கொதிப்பே சிறுநீரகத்தைக் கெடுக்கும் பெருங்காரணங்களுள் ஒன்று. அச்செய்தி உண்மையைத் தலைகீழாக நிறுத்தியது. அதனுள் அரைமெய் ஒன்றும் இருந்தது. கொதிப்பு மருந்து சிலவற்றை உண்பார்க்கு இடையிடையே இரத்தம் எடுத்துச் சிறுநீரகத்தின் நிலை பார்த்தல் வேண்டும் என்பதும், கடையில் தாமே வாங்கி மிகுதியாக உண்ணும் வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதும் மெய்யே. முழுப்பொய்யினும் அரைமெய்யே நம்மை எளிதில் வெல்லுகின்றது.

இவ்வளவும் ஓர் உழவர் அறிதல் இயலுமா என்று சிலர் வினவலாம். அவர் அறிய வேண்டியது ஒன்றே. உண்டுவரும் மருந்தை நிறுத்துமுன், கொடுத்தவரைக் கேட்டல். கேட்பதற்கு இன்று வாய்ப்பும் மிகுந்துள்ளது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் தமிழ்நாட்டரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்படி, கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கப் பணியாளர் வீடு தேடி வருகின்றனர். மாத்திரையும் கொண்டுவந்து கொடுக்கின்றனர். எங்கள் தெருவுக்கு வரும் அம்மையாரிடம், "இதை விடக்கூடாதா அம்மா, எதற்காக?" என்று பெரியப்பா ஒருநாள் கேட்டார். அவர் திண்ணையில் அமர்ந்து கால்மணி நேரம் விளக்கினார். அக்கால்மணி நேரம் நான்காண்டு முன்னரே வந்திருக்கலாகாதா என்று உள்ளே நின்று கேட்ட எனக்குத் தோன்றிற்று.

மாணவ நண்பர்காள்! நம்மிற் பலர் தம் குடியில் முதன்முதலாகக் கல்லூரிப் படி மிதித்தவர். விடுமுறையில் ஊர் சென்றால், கைப்பேசியை நம்மிடம் நீட்டும் பெரியப்பாவும் அத்தையும் பாட்டியும் நம் எல்லார்க்கும் உண்டு. படித்த பிள்ளை படித்ததாகலின் மெய்யாயிருக்கும் என்பது அவர் நம்பிக்கை. எழுத்துக் கூட்டிப் படித்தல் படிப்பன்று. வினவிப் படித்தலே படிப்பு. வினவுதல் எல்லாவற்றையும் மறுத்தல் என்றும் கொள்ளற்க. மெய்யான மருத்துவச் செய்தியையும் ஐயுற்றுத் தள்ளுபவன், 2017-இல் வெறுமையாய்க் கிடந்த இருக்கைகளையே மீண்டும் நிரப்பாது விடுவான்.

பெரியப்பா இன்றும் இடக்கையால் கைப்பேசியை என்னிடம் நீட்டுகின்றார். யான் உடனே படிப்பதில்லை. "யார் சொன்னது என்று முதலிற் பார்க்கிறேன், பெரியப்பா" என்கின்றேன். அவரும் பொறுத்திருக்கின்றார்.